அழுமூஞ்சி டைனோசரும் அதை வரைந்த மகானுபாவர்களும்

1914, பிப்ரவரி 8. சிகாகோவில் பேலஸ் தியேட்டர். மேடையில் சின்ன உருவமாக ஒரு மனிதர் தோன்றுகிறார். பளபள கோட்டு, கழுத்தில் டை, கையில் சர்க்கஸ் ரிங்மாஸ்டர் மாதிரி நீளமாக ஒரு சவுக்கு. வரப்போவது சிங்கமா புலியா என்று முன்வரிசைக்காரர்கள் சீட் நுனிக்கு நகர்கிறார்கள். பின்னால் வெள்ளைத் திரையில் ஒரு குகை. அதிலிருந்து கூச்சத்தோடு தலையை நீட்டியது ஒரு டைனோசர். பேப்பரில் மையால் வரைந்தது. பெயர் கெர்ட்டி. பெண்பிள்ளை.

வந்ததும் வராததுமாக ஒரு முழு மரத்தை விழுங்குகிறாள். மனிதர் சபைக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். நீளக் கழுத்தை வளைத்துக் குனிகிறாள். ஒரு காலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறாள். இன்னொரு கால் என்றதும் முரண்டு. மனிதர் ஓர் அதட்டல் போட, மலை சைஸ் டைனோசர் எல்.கே.ஜி. குழந்தை மாதிரி கண்ணீர் விட்டு அழ ஆரம்பிக்கிறாள்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு குடும்பஸ்தர், தான் வரைந்த படத்தைத் தானே திட்டி, அது அழுததும் மனசு கேட்காமல் தானே ஓர் ஆப்பிளும் கொடுக்கிறார். கையிலிருந்த அட்டை ஆப்பிளைத் திரைப் பக்கம் வீசுவதுபோல் பாவனை செய்து உள்ளங்கையில் மறைத்துக்கொள்வார். அதே நொடியில் திரைக்குள் ஒரு ஓவிய ஆப்பிள் பறந்து கெர்ட்டியின் வாயில் விழும். கடைசியில் மனிதர் திரைக்குப் பின்னால் நடந்து போக, ஓவியமாக மாறிய அவரே திரைக்குள் நுழைவார். கெர்ட்டி அவரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். இன்று இதற்கு நூறு கோடி பட்ஜெட்டும் நானூறு பேர் கொண்ட வி.எஃப்.எக்ஸ். டீமும் வேண்டும். அவருக்கு டைமிங்கும் ஒரு அட்டை ஆப்பிளும் போதுமாக இருந்தன.

இந்த மனிதர்தான் வின்ஸர் மெக்கே. நியூயார்க் பத்திரிகை உலகின் சூப்பர் ஸ்டார் கார்ட்டூனிஸ்ட். ‘லிட்டில் நீமோ’ என்ற கனவுலகப் படக்கதையை 1905-லிருந்து வரைந்து அமெரிக்காவைக் கட்டிப்போட்டவர். ஆனால் அவர் பிறந்தது 1867-லா, 1869-லா, 1871-லா என்பது இன்றைக்கும் பஞ்சாயத்து. கனடாவிலா அமெரிக்காவிலா என்பதும்தான். பத்தாயிரம் பேப்பரை வரிசை தப்பாமல் நம்பர் போட்டு அடுக்கத் தெரிந்தவருக்குத் தன் பிறந்த வருஷத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஆமாம், கெர்ட்டிக்காக வரைந்தவை சுமார் 10,000 ஓவியங்கள். சரி, மெக்கே மகா உழைப்பாளி என்று கைதட்டக் கிளம்புகிறீர்கள்தானே? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கைதட்டலில் பாதி பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போக வேண்டும்.

ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்பது அந்தப் பையனின் பெயர். ஓவியம் படிக்கும் மாணவர். அன்றைய சங்கடம் என்னவென்றால், கெர்ட்டி கழுத்தை ஒரு அங்குலம் அசைத்தாலும் புதுப் பேப்பரில் கெர்ட்டியை மட்டும் வரைந்தால் போதாது. பின்னால் இருக்கிற மலை, ஏரி, பாறை, குகை எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். டைனோசரை மெக்கே வரைவார். அசையாமல் கிடக்கும் பாறை ஃபிட்ஸ்சிம்மன்ஸ் பங்கு. ஒரு இளைஞன் ஓவியக் கலையில் சாதிக்க வேண்டும் என்ற லட்சியத்தோடு வந்து, மெல்லிய அரிசித் தாளில் ஒரே பாறையை ஆயிரக்கணக்கான தடவை பிரதியெடுத்தார். நம் ஊரில் இம்போசிஷன் எழுதியவர்கள்கூட இப்படிச் சிரமப்பட்டதில்லை. அவர்கள் ஏதாவது தப்பாவது செய்திருப்பார்கள்.

கெர்ட்டி படத்தை இன்றைக்கும் பார்க்கலாம். டைனோசரை விட்டுவிட்டு அந்தப் பாறையை மட்டும் கவனியுங்கள். லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். மலை விளிம்பு மூச்சு விடுவதுபோல் அசையும். பூகம்பமெல்லாம் இல்லை, ஃபிட்ஸ்சிம்மன்ஸின் கை. எத்தனை கவனமாகப் போட்டாலும் மனுஷக் கை இரண்டு தடவை ஒரே கோட்டைப் போடாது. இந்த நடுக்கத்தை வேண்டுமென்றே வரவழைக்க இன்று சாஃப்ட்வேரில் தனி எஃபெக்ட் வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கை வலித்தாலே வந்துவிட்டது.

மெக்கேயும் சும்மா இருக்கவில்லை. டைனோசர் ஒரு தடவை மூச்சை இழுத்து விட எத்தனை நேரம் ஆகும் என்பது அவருக்குப் பெரிய கவலை. கேட்கலாம் என்றால் டைனோசர்கள் இல்லை. கடைசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன் மூச்சைத் தானே அளந்து, அதையே கெர்ட்டிக்குக் கொடுத்தார். இத்தனை சயன்டிஃபிக்கான மனிதர் அடுத்த காட்சியில் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பக்கம் ஒரு மாமத யானையை நடக்கவிட்டு, கெர்ட்டி அதன் வாலைப் பிடித்துச் சுழற்றி ஏரியில் வீசுவதுபோல் வரைந்தார். டைனோசருக்கும் மாமதத்துக்கும் நடுவில் குறைந்தபட்சம் ஆறு கோடி வருஷ இடைவெளி! மூச்சு மட்டும் விநாடி சுத்தம்.

சரி, அத்தனை மிருகங்கள் இருக்க எதற்கு டைனோசர்? காரணம் கலை இல்லை, ரோஷம்.

1911-ல் மெக்கே தன் நீமோவை அசைய வைத்து முதல் படம் எடுத்தார். சில நிமிஷ அனிமேஷன், 4,000 ஓவியங்கள். ஆனால் படத்தில் அனிமேஷன் வருவதற்கு முன்னால் ஒரு நீண்ட பில்டப் வரும் பாருங்கள், நம் மாஸ் ஹீரோ இன்ட்ரோ எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். கிளப்பில் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே மாதத்தில் 4,000 படம் வரைந்து அசைத்துக் காட்டுகிறேன் என்று மெக்கே பந்தயம் கட்டுகிறார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அடுத்து, அவர் அறைக்கு ஆட்கள் பேப்பர் பண்டல்களைத் தூக்கி வருகிறார்கள். கூடவே பீப்பாய் வருகிறது. உள்ளே மை! பீப்பாய் மையில் படம் வரைந்த ஒரே மனிதர் என்ற பட்டத்துக்கு இன்றுவரை போட்டியில்லை.

அடுக்கி வைத்த ஓவியங்கள் மீது ஒரு பையன் இடித்து, அத்தனையும் சரிந்து கொட்டுகிற காமெடியும் உண்டு. இத்தனைக்கும் உள்ளர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: ‘ஐயா, இதெல்லாம் நானே கையால் வரைந்தது. தயவுசெய்து நம்புங்கள்.’

ஜனங்கள் நம்பவில்லை. ஏதோ கேமரா தந்திரம் என்றார்கள். மெக்கேக்கு மூக்கு சிவந்தது. 1912-ல் ஒரு கொசுவை ஹீரோவாக்கினார். அந்தக் கொசு தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து, சாணைக்கல்லில் மூக்கைத் தீட்டிக்கொண்டு, தூங்குகிற குண்டு மனிதரின் ரத்தத்தைக் குடிக்கிறது. பேராசையில் ஊதி ஊதிக் கடைசியில் வெடித்தே போகிறது. (சென்னைவாசிகள் இந்த முடிவை எழுந்து நின்று கைதட்டி வரவேற்பார்கள்.) 6,000 ஓவியங்கள். இதற்கும் சந்தேகம்: பொம்மைக் கொசுவைக் கம்பியில் கட்டி ஆட்டினாராம்! அப்போதுதான் மெக்கே அந்தத் தீர்மானத்துக்கு வந்தார். யாரும் நேரில் பிடித்து வந்து படமெடுத்திருக்க முடியாத ஒரு பிராணியை வரைந்தால் அப்புறம் என்ன சொல்வார்கள்? அனிமேஷனின் முதல் பெரிய நடிகை பிறந்தது இப்படித்தான், வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காக.

இந்த ‘நான்தான் வரைந்தேன்’ வியாதி மெக்கேயோடு ஆரம்பிக்கவில்லை. அன்றைய குட்டிப் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் முதலில் வருவது ஒரு கை. ஓவியரின் கை. அது வந்து நாலு கோடு போட்டுவிட்டுப் போன பிறகுதான் கதை. நியூயார்க்கின் ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906-ல் கரும்பலகையில் சாக்பீஸால் முகங்களை வரைந்து கண் சிமிட்ட வைத்தாரே, அதிலும் முதல் என்ட்ரி அவருடைய கைக்குத்தான். பாரீஸில் எமில் கோல் 1908-ல் எடுத்த ‘ஃபான்டாஸ்மகோரி’யிலும் அதே.

எமில் கோல் விஷயத்தில் மட்டும் அந்தக் கையை மன்னித்துவிடலாம். வேறு எதுவும் அவருக்கு மிஞ்சவில்லை.

கோல் இளமையில் பாரீஸின் கிறுக்கு ஓவியர் கோஷ்டி ஒன்றில் இருந்தவர். வரையத் தெரியாதவர்கள் வரைந்த ஓவியங்களுக்கென்றே கண்காட்சி நடத்திய புண்ணியவான்கள் அவர்கள். கூட்டத்தில் வரையத் தெரிந்தவராக மாட்டிக்கொண்டவர் கோல். ஐம்பது வயதில், ஒரு சினிமா போஸ்டரில் தன் கார்ட்டூன் ஐடியா திருடப்பட்டிருப்பதைப் பார்த்தாராம். கோமோன் கம்பெனிக்குள் சண்டை போட நுழைந்தவர் வேலையோடு வெளியே வந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, வேலை நிஜம்.

‘ஃபான்டாஸ்மகோரி’ 700 ஓவியங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படமெடுத்தும் மொத்தப் படமும் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வெள்ளைப் பேப்பரில் கறுப்பு மையால் வரைந்துவிட்டு நெகட்டிவை அப்படியே காட்டியதால், கரும்பலகையில் சாக்பீஸால் போட்டதுபோல் இருக்கும். கதை? அதைத் தேடாதீர்கள். தியேட்டரில் ஒரு கனவான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்சீட்டில் மாபெரும் இறகுத் தொப்பியோடு ஒரு பெண்மணி வந்து மறைக்கிறார். கனவான் பொறுமையிழந்து இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். முன்சீட்டுக்காரர் மொபைல் வெளிச்சத்தில் படம் பார்த்தே பழகிய நமக்கு 1908-ம் வருஷத்துக்காரர்மீது திடீரென்று ரத்த பாசம் பொங்கும்.

அப்புறம் எல்லாமே இன்னொன்றாக மாறிக்கொண்டே போகும். ஒன்றன் கோடு உருகி அடுத்ததன் கோடாகும். ஏன், எதற்கு என்று கேட்க நேரமே கிடைக்காது. ஓரிடத்தில் கோமாளி மேலிருந்து விழுந்து உடைந்துபோக, ஓவியரின் கைகள் அவசரமாக வந்து அவனை ஒட்டிவைத்துவிட்டுப் போகும். ஸ்கிரிப்ட் டிஸ்கஷன் என்று ஆறு மாதம் ரிசார்ட்டில் ரூம் போடும் வழக்கம் இன்னும் வராத பொற்காலம் அது.

1912-ல் கோல் அமெரிக்கா போனார். ஃபோர்ட் லீ என்ற ஊரில் உட்கார்ந்து ஜார்ஜ் மெக்மானஸ் என்பவரின் பத்திரிகைப் படக்கதையை அனிமேஷனாக வரைந்து தள்ளினார். விளம்பரத்தில் பெரிசாக வந்தது யார் பெயர்? மெக்மானஸ்! (மெக்கேயின் பந்தயப் படத்தில் உட்கார்ந்து சிரித்த நண்பர்களில் ஒருவர்தான் இந்த மெக்மானஸ். வரையாமலே இரண்டு படத்தில் பெயர் வாங்கிய யோகக்காரர்.) போதாக்குறைக்கு 1914-ல் கம்பெனியில் தீப்பிடித்து அந்தப் படங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின.

தீ கோலை அதோடு விடவில்லை. வயசான காலத்தில் பாரீஸில் வறுமை. மேஜையில் மெழுகுவத்தி. அதன் சுடர் தாடியில் பற்றிக்கொண்டது. தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்து 1938 ஜனவரி 20-ல் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் லாஸ் ஏஞ்சலீஸில் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ கார்ட்டூன் பிரீமியர், சிவப்புக் கம்பளம், ஹாலிவுட்டே திரண்டு வந்தது. கோல் இறந்த மறுநாள் பாரீஸில் ஜார்ஜ் மெலியேவும் இறந்தார், நிலாவின் கண்ணில் ராக்கெட்டைச் சொருகிப் படமெடுத்தாரே, அவர். எமனுக்கும் அந்த வாரம் சினிமா மூடு.

கோலுக்கும் முன்னால் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் சுற்றும். எமில் ரேனோ. சினிமா கேமராவே ஊருக்குள் வராத 1892-லேயே பாரீஸின் கிரெவின் மியூசியத்தில் நீண்ட பட்டையில் கையால் தீட்டிய வண்ணப் படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டியவர். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் ஓவியம். படத்தை ஓட்டுவதும் கையால்தான். அவருக்கு மூட் இருந்தால் ஒரு காட்சியை முன்னும் பின்னும் ஆட்டி இன்னும் நீட்டுவார். மூன்று வருஷத்தில் லூமியே சகோதரர்கள் கேமராவோடு வந்துவிட, கூட்டம் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. கோபத்தில் ரேனோ தன் இயந்திரத்தை உடைத்தார். படச்சுருள்களைத் தூக்கி ஸேன் நதியில் போட்டார். மிஞ்சியவை இரண்டே இரண்டு. கலைஞனின் கோபத்துக்கு பேக்கப் கிடையாது.

மறுபடி மெக்கேயிடம் வருவோம். அவருக்கு முழுநேர உத்தியோகம் ஒன்று இருந்ததை மறந்துவிட்டோம். முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், பத்திரிகைச் சக்கரவர்த்தி. நம் ஆபீஸ் கார்ட்டூனிஸ்ட் ஊர் ஊராகப் போய் டைனோசரோடு கூத்தடிக்கிறார், ஆபீஸ் நேரத்தில் ஆளைக் காணோம் என்று தெரிந்ததும் ஹெர்ஸ்ட் போட்ட உத்தரவு: நியூயார்க்குக்கு வெளியே மேடை ஏறக் கூடாது. அப்புறம் மேடையே கூடாது. மூன்லைட்டிங் செய்தால் சீட்டுக் கிழியும் என்று ஐ.டி. கம்பெனி ஹெச்.ஆர். அனுப்பும் மெயில் தங்களுடைய புதுக் கண்டுபிடிப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேடை போனதும் கெர்ட்டிக்கு முன்னால் ஒரு பில்டப்பைச் சேர்த்து சினிமாவாகத் தியேட்டர்களுக்கு விற்றார்கள். பில்டப் என்ன என்று ஊகித்திருப்பீர்கள். ஒரு மியூசியம், டைனோசர் எலும்புக்கூடு, நண்பர்கள், பந்தயம்! ஆளும் மாறவில்லை, டயலாக்கும் மாறவில்லை. மெக்மானஸும் ஆஜர்.

இந்தத் தற்பெருமைதான் மெக்கேயை ஒருநாள் கவிழ்த்தது. கெர்ட்டியை வரைந்துகொண்டிருந்த சமயம் ஜான் பிரே என்று ஒருவர் வந்தார். தான் ஒரு பத்திரிகையாளர் என்றும் அனிமேஷன் பற்றிக் கட்டுரை எழுதப் போவதாகவும் சொன்னார். மெக்கேயிடம் யாராவது ‘இதை எப்படி சார் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் போதும், மனிதர் உருகிவிடுவார். பேப்பர்கள் நகராமல் இருக்க மூலையில் அடையாளக்குறி போடுவது, ஒரே ஓவிய வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டி கெர்ட்டியை ஆடவிட்டு வேலையை மிச்சம் பிடிப்பது, எல்லாத் தொழில் ரகசியத்தையும் எடுத்துப் பரப்பினார். எதற்கும் அவர் பேட்டன்ட் வாங்கியிருக்கவில்லை. இத்தனை ஆயிரம் படம் வரைய எந்தப் பைத்தியக்காரன் வரப்போகிறான், வந்தால் வரட்டுமே என்பது அவர் சித்தாந்தம்.

வந்தவர் பைத்தியக்காரர் இல்லை. கட்டுரை வந்ததோ இல்லையோ, 1914-ல் பேட்டன்ட் வந்தது, பிரேயின் பெயரில்! அதோடு நிற்கவில்லை. தன் பேட்டன்ட்டை மீறிவிட்டதாக மெக்கே மீதே கேஸ் போட்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை அமெரிக்க நீதிமன்றம் அன்று நேரில் பார்த்தது. நல்லவேளை, மெக்கே ஜெயித்தார். பிரேதான் அவருக்குக் கொஞ்சகாலம் ராயல்டி கட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் பிரேயின் தைரியம் குறைந்தபாடில்லை. சீக்கிரமே சந்தையில் ஒரு டூப்ளிகேட் கெர்ட்டி நடமாடியது. அது பிரே ஸ்டூடியோ சரக்குதான் என்று சரித்திரக்காரர்கள் கை காட்டுகிறார்கள். அதிலும் டைனோசர் ஆடுகிறது. ஒரிஜினல் அளவுக்குக் கூச்சம் மட்டும் இல்லை.

பிரேயைத் திட்டி முடித்தாயிற்றா? இப்போது கொஞ்சம் பாராட்டவும் வேண்டும், கஷ்டம்தான். ஏர்ல் ஹர்ட் என்பவர் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தாளில் பாத்திரங்களை மட்டும் வரைந்து, ஒரே பின்னணியின் மேல் வைத்துப் படமெடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். பிரே உடனே அவரைப் பிடித்துக் கூட்டாளியாக்கி, இரண்டு பேர் பேட்டன்ட்டையும் சேர்த்து ஒரு கம்பெனி தொடங்கினார். 1932 வரை அமெரிக்காவில் கார்ட்டூன் எடுத்தவர்கள் அவர்களுக்கு லைசென்ஸ் கட்டணம் அழுதார்கள். செல்லுலாய்ட் வந்தபின் எந்தப் படத்திலும் எந்தப் பையனும் பாறையைப் பத்தாயிரம் தடவை வரையவில்லை. தொழில் பிழைத்தது. பாறைதான் நடுங்குவதை நிறுத்திவிட்டது. என்னைக் கேட்டால் அன்றைக்கே கார்ட்டூனில் கால்வாசி உயிர் போயிற்று என்பேன். ஃபிட்ஸ்சிம்மன்ஸைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

பிரே 1978 வரை இருந்தார். 99 வயசு. பாவ புண்ணியக் கணக்கெழுதுகிற சித்ரகுப்தன் அந்தப் பேரேட்டில் ஒரு பேப்பரைத் தவறவிட்டிருக்க வேண்டும்.

இடையில் மெக்கேயின் இரட்டை வாழ்க்கை உச்சத்துக்குப் போனது. முதல் உலகப்போரில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்பது ஹெர்ஸ்டின் கட்சி. ஆகவே பகலில் ஆபீஸில் போர் வேண்டாம் என்று கார்ட்டூன். ராத்திரி வீட்டில், ஜெர்மனி மூழ்கடித்த ‘லூசிடானியா’ கப்பலைப் பற்றி, ஜெர்மனியைக் கிழிகிழியென்று கிழிக்கும் சொந்தத் தயாரிப்பு அனிமேஷன்! 25,000 ஓவியம், 22 மாதம். 1918 ஜூலையில் படம் வெளிவந்தபோது அமெரிக்கா போரில் குதித்து ஒரு வருஷத்துக்கு மேலாகி, போரே முடிய நாலு மாதம்தான் பாக்கி. கையால் வரைந்து பிரேக்கிங் நியூஸ் கொடுப்பதில் உள்ள நடைமுறைச் சிக்கல் இது.

அதற்குள் ஊரெல்லாம் ஸ்டூடியோ முளைத்துவிட்டது. மேக்ஸ் ஃபிளைஷர் என்பவர் தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி மொட்டைமாடியில் ஆடவிட்டுப் படமெடுத்து, அந்தப் படத்தின் மேலேயே கோடு கோடாகப் பிரதியெடுத்து கோகோ என்ற கோமாளியைப் பெற்றெடுத்தார். முதல் சோதனைப் படத்துக்கு, சுமார் ஒரு நிமிஷத்துக்கு, ஒரு வருஷம் ஆனது. கோகோ மைக்கூட்டிலிருந்து குதித்து வெளியே வருவான். வந்ததும் யாரோடு வம்பு செய்வான்? மேஜையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் ஓவியர் மேக்ஸ் ஃபிளைஷரோடு! பழைய வியாதி, புது நோயாளி.

ஃபெலிக்ஸ் பூனையின் கதை தலைகீழ். 1919-ல் அதை வரைந்து, நடக்க விட்டு, யோசிக்க விட்டு, வாலைக் கழற்றிக் கேள்விக்குறியாகவும் கைத்தடியாகவும் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தவர் ஆட்டோ மெஸ்மர். திரையில் வந்த பெயர் ஸ்டூடியோ முதலாளி பாட் சல்லிவன். பத்திரிகைத் தொடரில் கையெழுத்தும் சல்லிவன்தான். மெஸ்மர் தலையைக் குனிந்து வரைந்துகொண்டே இருந்தார். அவர்தான் நிஜமான தகப்பன் என்று உலகம் பேச ஆரம்பித்தது பல பத்தாண்டுகள் கழித்து. இன்றைக்கும் சல்லிவனின் சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. இந்தக் களேபரம் எதிலும் சம்பந்தப்படாத ஒரு ஃபெலிக்ஸ் பொம்மை 1928-ல் டெலிவிஷன் சோதனைக்காக ஒரு சுழல்மேடையில் நின்று மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. சம்பளம் கேட்காமல், கோபித்துக்கொண்டு கேரவனுக்குப் போகாமல் ஒத்துழைத்த டி.வி. நட்சத்திரம் அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

அதே 1928-ல் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் முயலை அவருடைய விநியோகஸ்தர் சட்டப்படி பிடுங்கிக்கொள்ள, அவசரத்துக்குப் பிறந்தது ஒரு எலி. வரைந்து கொடுத்தவர் நண்பர் அப் ஐவெர்க்ஸ். ஒரு நாளைக்கு 700 ஓவியம் போட்டாராம். எமில் கோல் ஒரு முழுப்படத்துக்கு மாதக்கணக்கில் வரைந்தது எத்தனை? அதே 700. இருபது வருஷத்தில் மனுஷக் கை மெஷினாகிவிட்டது. ஒரு பார்ட்டியில் ஒரு சிறுவன் டிஸ்னியிடம் மிக்கி படம் வரைந்து தரச் சொல்ல, டிஸ்னி காகிதத்தை ஐவெர்க்ஸிடம் நீட்டி, நீ வரை, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். ஐவெர்க்ஸ் உங்கள் மிக்கியை நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று நடையைக் கட்டியதாக ஒரு கதை. 1930-ல் கம்பெனியை விட்டே கிளம்பிவிட்டார் என்பது கதையில்லை.

மெக்கே இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 1927-ல் நியூயார்க் அனிமேஷன்காரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு விருந்து வைத்தார்கள். ஏற்பாட்டில் முன்னே நின்றவர் நம் ஃபிளைஷர். கிளாஸ்கள் காலியாகி, கூடம் சத்தமாகிவிட்ட நேரத்தில் பெரியவரைப் பேச அழைத்தார்கள். இரண்டு ஜோக், ஒரு நன்றி, ஒரு போட்டோ என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, மெக்கே நுணுக்கம் நுணுக்கமாகத் தொழில் பாடம் எடுக்க ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. மனிதருக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கலையாக உங்கள் கையில் கொடுத்தேன், நீங்கள் வியாபாரமாக்கிவிட்டீர்கள், நாசமாய்ப் போங்கள் என்கிற அர்த்தத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டைனோசரைக் காசுக்கு மேடையேற்றி, தியேட்டர்களுக்கு விற்று, ராயல்டியும் வாங்கிய அதே மெக்கேதான்.

1934-ல் அவர் காலமானார். அந்தப் பத்தாயிரம் கெர்ட்டி ஓவியங்களில் இன்று மிச்சம் சில நூறு. 1955-ல் டிஸ்னி தன் டி.வி. நிகழ்ச்சியில் அனிமேஷனின் கதையைச் சொல்லும்போது கெர்ட்டி மேடைக்கூத்தை மறுபடி நடத்திக் காட்ட ஆசைப்பட்டார். விவரம் சொல்ல மெக்கேயின் மகன் ராபர்ட்டை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார். அப்பா வரைந்த நீமோ பையனுக்கு அசல் மாடல் இந்த ராபர்ட்தான். இப்போது அவருக்கே வயசாகிவிட்டது. டிஸ்னி அவரை ஜன்னலோரம் அழைத்துப் போய், வெளியே விரிந்து கிடந்த கட்டடங்களையெல்லாம் கைகாட்டி, நியாயமாகப் பார்த்தால் இதெல்லாம் உங்கள் அப்பாவுக்குச் சேர வேண்டியது என்று நெகிழ்ந்து சொன்னாராம்.

சொன்னார். பத்திரம் எதுவும் எழுதிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.